தனிநாயகம் அடிகளாரின் பெயரால் ஒரு வேண்டுகோள்

உலகெங்கும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளை வழிநடத்தும் பெருமக்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கக் குருவும் தமிழறிஞருமான தனிநாயகம் அடிகளாரைத் தமிழ்த்தூதர் என்று போற்றுகிறோம், போற்றத் தக்கவர்தாம். ஆனால் அந்தப் புகழுரைகளுக்கிடையே அவர் ஓர் ஆசிரியர் என்பது மங்கிப்போவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அவர், ரோமில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியபின், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. முனைவர் பட்டம் பெற்றவர் முதுகலை மாணவர்களோடு அமர்ந்து சங்கப் பாடல்களைப் பாடம் கேட்டார் என்பது, அவர் பெற்ற எந்த விருதையும்விட என்னை அதிகம் நெகிழச் செய்கிறது.

பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1961 முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் அதே கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தவர் அவரே.

சென்ற நாடுகளில் அவர் சொற்பொழிவாற்றியதோடு நிற்கவில்லை. அங்குள்ள நூலகங்களையும் தேடிப் போனார். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தாங்கி 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு சமயநூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சேறிய, போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் அதன் நிழற்படப் பதிப்பு வெளிவரச் செய்தார். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் அறிந்திருந்ததால்தான் அந்த ஏடுகளின் அருமை அவருக்கு உடனே விளங்கியது.

இன்று தமிழில் ஆய்வு செய்யும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அத்தகைய இன்னொரு மொழியைக் கற்கவும், அந்த நூலகங்களுக்கு நேரில் செல்லவும் வாய்ப்பு கிடைக்கிறது?

ஆகவே, அவர் நினைவாக ஒரு பயண நல்கையை (உதவித்தொகையை) உங்கள் துறைகள் கூட்டாக ஏற்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் முதல் ஆண்டில் ஓர் ஐரோப்பிய மொழியைப் பயிலட்டும். அடுத்த ஆண்டில் லிஸ்பனுக்கோ ரோமுக்கோ பாரிசுக்கோ சென்று, அங்குள்ள தமிழ் ஆவணங்களைப் படித்து விவரப்பட்டியல் எழுதி வரட்டும். இதற்கான முன்மொழிவை உங்கள் துறைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு தமிழாசிரியர்