மாப்பிள்ளைத் தோழர்களுக்குக் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்

பொருள்: மாப்பிள்ளைத் தோழர்களுக்காக ஆர்டர் செய்த ஐந்து பரிசுப் பெட்டிகளில் நான்கு தவறாக வந்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழர்களாக நின்ற ஐந்து பேருக்கு உங்கள் நிறுவனத்தில் பரிசுப் பெட்டிகள் ஆர்டர் செய்திருந்தேன். ஒன்று மட்டும்தான் நான் கேட்டபடி வந்தது. மற்ற நான்கில் ஒன்றில் பெயர் சிதைந்திருந்தது, ஒன்று கேட்ட உலோகம் இல்லை, ஒன்று கேட்ட தோல் இல்லை, இன்னொன்று நான் கேட்கவே கேட்காத பொருள். உங்கள் உதவி எண்ணில் பேசினேன். "சரிங்க சார், மேல சொல்றோம்" என்றார்கள். அப்புறம் வந்த மின்னஞ்சலில், பெயர் பொறித்த பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை என்ற ஒற்றை வரிதான் இருந்தது. அதனால்தான் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன். முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஒருவர் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் வந்ததற்குக் காரணமே உங்கள் ஆர்டர் படிவம்தான். மாப்பிள்ளைத் தோழர்களுக்கான பரிசு என்றாலே பல இடங்களில் ஒரே பெட்டியைத்தான் எல்லோருக்கும் தருகிறார்கள். அதே கஃப்லிங்க், அதே டை, மேலே பெயர் மட்டும் மாறும். உங்கள் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருளைத் தேர்வு செய்ய முடிந்தது. பரிசு பெறுபவரைப் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள் என்று ஒரு கட்டமும் இருந்தது. யாரோ யோசித்து வைத்த கட்டம் என்று நம்பினேன். ஐந்து பேரைப் பற்றியும் உட்கார்ந்து எழுதினேன். இவருக்கு என்ன பிடிக்கும், இவருக்கு எது ஆகாது, ஏன் இந்தப் பொருள், எல்லாமே அதில் இருக்கிறது. பிரதியை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைப் படித்துவிட்டு மேலே தொடருங்கள். இந்தப் புகார் மொத்தமும் அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான்.

மிகவும் வலித்ததை முதலில் சொல்கிறேன்.

தோழர்களில் ஒருவர் குடியை விட்டு மீண்டு வந்தவர். அது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். குடியை நிறுத்திய பிறகு தினமும் இரவு டைரி எழுதும் பழக்கம் அவருக்கு வந்தது. கையில் கிடைக்கிற பேனாவில், பாதியில் மை தீர்ந்தால் வேறு நிறத்தில், அப்படியே எழுதிக்கொண்டு போவார். அதனால் அவருக்கு ஒரு நல்ல மைப்பேனா என்று முடிவு செய்தேன். மீடியம் நிப், மை உறிஞ்சும் கன்வர்ட்டர், கூடவே ஒரு புட்டி நீல மை. படிவத்தில், "இவர் மது அருந்துவதில்லை, மது சம்பந்தப்பட்ட எதுவும் பெட்டியில் வேண்டாம்" என்றும் எழுதியிருந்தேன். மற்ற கடைகளின் தோழர் பெட்டிகளில் கோப்பையும் பாட்டில் திறப்பானும் இருப்பதைப் பார்த்திருந்ததால், முன்னெச்சரிக்கையாக எழுதிய வரி அது.

வந்தது என்ன தெரியுமா? சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மது ஃப்ளாஸ்க். அதில் அவர் பெயர். பக்கத்தில் இரண்டு சின்னக் கோப்பைகள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: பேனா கையிருப்பில் இல்லாததால் அதே விலையில் மாற்றுப் பொருள் அனுப்பியிருக்கிறோம், மாப்பிள்ளைத் தோழர்களுக்கு அதிகம் விற்பது இதுதான்.

பெட்டிகள் திருமணத்துக்கு முந்தின நாள் இரவுதான் என் கைக்கு வந்தன. ரிப்பன் கட்டி, முத்திரை ஒட்டி, மேலே பெயர் எழுதி வந்தவை. பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்ட முடியாது. காலையில் எல்லோரும் தயாராகிக்கொண்டிருந்த அறையில், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அவர் திறந்தார். பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர், விஷயம் தெரியாமல், "அப்போ இன்னைக்கே ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டுவிட்டார். என் நண்பர் மூடியை மூடி, பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "பரவாயில்லடா, விடு" என்றார். நான் அனுப்பச் சொன்னது இது இல்லை என்று அவரிடம் சொல்லக்கூட அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சொல்வதானால் எல்லார் முன்னிலையிலும் அவர் கதையைத் திறக்க வேண்டியிருக்கும்.

பேனா கையிருப்பில் இல்லாமல் போவது எந்தக் கடையிலும் நடக்கும். அதில் எனக்குக் குறையில்லை. ஒரு போன் செய்திருந்தால் வேறு நிறத்துப் பேனாவை எடுத்துக்கொண்டிருப்பேன். மை புட்டியை மட்டும் வைத்து, பேனா பின்னால் வருகிறது என்று ஒரு கார்டு வைத்திருந்தாலும் மகிழ்ச்சியாக ஏற்றிருப்பேன். விலை சமமாக இருந்தால் பரிசும் சமம் என்று நீங்களாக முடிவு செய்ததுதான் தவறு. அதிலும், வேண்டாம் என்று நான் எழுத்தில் கொடுத்த ஒன்றையே எடுத்து வைத்தது பெரிய தவறு.

இரண்டாவது, தண்ணீர் பாட்டில். ஆம்புலன்ஸ் ஓட்டும் நண்பருக்காகக் கேட்டது. இரவுப் பணியில் வெந்நீர் சூடு ஆறாமல் இருக்க, இரட்டைச் சுவர் கொண்ட வெற்றிடக் குடுவை. அதன் தரத்தில் குறையில்லை, சூடு நன்றாகவே நிற்கிறது என்கிறார். ஆனால் அவர் பெயரைத் தமிழில் பொறிக்கச் சொல்லியிருந்தேன். பெயர் "கோ" என்று தொடங்குகிறது. பாட்டிலில் முதலில் "க" நிற்கிறது, அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு, அதையும் தாண்டிக் கால். மெய்யெழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்தில் இறங்கி, தனி வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. தமிழ் தெரிந்த யாராலும் அதைப் பெயர் என்று படிக்க முடியாது.

இது ஏன் நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "கோ" சேமிக்கப்படும்போது மெய் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால் வரும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைத்துக் கோப்பது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. உங்கள் பொறிப்பு இயந்திரத்தின் மென்பொருள் அதைச் செய்யவில்லை. வழி எளிதானது. தமிழைச் சரியாகக் காட்டும் ஒரு மென்பொருளில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது வெறும் கோடுகளால் ஆன படமாக மாற்றி, அதை இயந்திரத்துக்குக் கொடுத்தால் போதும். 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது, இது புதுச் சிக்கல் இல்லை. பெயர் எப்படித் தெரிய வேண்டும் என்று நான் படமாகவும் அனுப்பியிருந்தேன். லேசர் பொறிப்பு, மேல் பூச்சைச் சுட்டு நீக்கி அடியில் இருக்கும் எஃகை வெளிக்காட்டுகிறது. நீக்கியதைத் திரும்பப் பூச முடியாது. அதனால் பொறிப்பதற்கு முன் ஒரு மாதிரிப் படத்தை எனக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்தது உடல்நலம் சம்பந்தப்பட்டது, இதைத் தனியாகக் கவனியுங்கள். இன்னொரு தோழருக்கு நிக்கல் ஒவ்வாமை. மலிவான வாட்ச், பெல்ட் பக்கிள் எது பட்டாலும் தோல் சிவந்துவிடும். அதையும் படிவத்தில் எழுதி, 925 வெள்ளிக் கைச்சங்கிலி கேட்டிருந்தேன். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. உங்கள் தளத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். வந்த சங்கிலியின் கொக்கியில் 925 முத்திரையே இல்லை. அவர் உங்கள் பெயரை நம்பி, நான் தந்தது என்று ஆசையாக அன்று முழுக்க அணிந்திருந்தார். அடுத்த நாள் மணிக்கட்டைச் சுற்றிச் சங்கிலியின் தடத்திலேயே சிவந்து, கொப்புளம் போட்டுவிட்டது. நிக்கல் சோதனைக் கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கொக்கியின் உட்பக்கம் தேய்த்துப் பார்த்தோம். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது. அதாவது நிக்கல் இருக்கிறது. பித்தளை மேல் நிக்கல் பூசி, அதற்கு மேல் மெல்லிய வெள்ளி முலாம் பூசிய பொருளாக இருக்கலாம், எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும். வியர்வை படப்பட அந்த நிக்கல் வெளியே கசியும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. உங்கள் தளத்தில் இன்றும் அதே சங்கிலி அதே விவரத்தோடு விற்பனையில் இருக்கிறது. என் பணம் திரும்பி வருவதைவிட அந்தப் பக்கத்தை நீங்கள் இன்றே திருத்துவது எனக்கு முக்கியம்.

பர்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டது ஃபுல் கிரெயின் தோல், அதாவது மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்ட முழுத் தோல். வந்தது தோல் துகள்களை அரைத்து, பசையில் கலந்து, துணியின் மேல் ஒட்டி, மேலே தோல் போலக் கோடு அச்சடித்த பாண்டட் லெதர். மடிப்பின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் துணி அடுக்கு பிரிந்து தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன். உள்ளே "அசல் தோல்" என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். அந்தச் சொல் தோலின் தரத்தைச் சொல்வதில்லை, நான் பணம் கொடுத்தது தரத்துக்கு. கல்லூரியில் வாங்கிய கிழிந்த பர்ஸை இன்னும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு, இனி வாழ்நாள் முழுக்க ஒரே பர்ஸ் போதும் என்று நினைத்துத் தேடியது அது.

ஐந்தாவது பெட்டி, என் தம்பிக்கான மல்டி-டூல் (கத்தி உட்படப் பல கருவிகள் ஒன்றில் மடங்கும் பொருள்), சரியாக வந்தது. நல்ல பொருள். கத்தி இருப்பதால் விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது என்று நினைவூட்டி ஒரு குறிப்பும் வைத்திருந்தீர்கள். அவன் மறுநாள் விமானத்தில்தான் ஊர் திரும்பினான், அந்தக் குறிப்பு உதவியது. அதை வைத்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். வாங்கியவரை மனத்தில் வைத்து வேலை செய்யத் தெரிந்தவர் உங்கள் இடத்திலேயே இருக்கிறார் என்பதால்தான் மற்ற நான்கையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறேன். பெயர் பொறித்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்ற விதி, நான் கேட்டதை நீங்கள் சரியாகச் செய்து தந்த பிறகு என் மனம் மாறினால் பொருந்தும். நான் கேட்டதை நீங்கள் தராமல், அதன் மேல் ஒரு பெயரையும் பொறித்துவிட்டு, பெயர் இருக்கிறது அதனால் வாங்க மாட்டோம் என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்? ஃப்ளாஸ்கில் பெயர் பொறிக்கச் சொன்னது நான் இல்லை.

நான் கேட்பது இவைதான். ஃப்ளாஸ்க் பெட்டியையும் கைச்சங்கிலியையும் பர்ஸையும் உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, மூன்றுக்கும் முழுப் பணத்தைத் தர வேண்டும். அவற்றை நான் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். பாட்டிலை மட்டும் புதிதாகச் செய்து தாருங்கள், பொறிப்பதற்கு முன் மாதிரிப் படத்துக்கு என் ஒப்புதல் வாங்குங்கள். குறித்த தேதிக்கு வர வேண்டும் என்று விரைவு டெலிவரிக்காகத் தனியாகக் கட்டிய தொகையையும் திருப்பித் தர வேண்டும், பெட்டிகள் அந்தத் தேதிக்கு வரவில்லை. கைச்சங்கிலியில் என்ன உலோகம் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். என் நண்பரின் தோல் மருத்துவர் கேட்கிறார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஃப்ளாஸ்க் பெற்ற நண்பருக்கு மன்னிப்புக் கடிதம், கூப்பன், பூங்கொத்து என்று நேரடியாக எதுவும் அனுப்பாதீர்கள். அவர் முகவரியும் நான் எழுதிய குறிப்பும் உங்களிடம் இருக்கின்றன. அந்தக் குறிப்பை உங்கள் பதிவுகளிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை எனக்கு உறுதிப்படுத்துங்கள். அவரிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.

அந்தக் கட்டத்தில் எழுதுவதை ஆர்டரைக் கட்டுபவர் படிக்கிறாரா, இல்லையா என்பதற்கும் நேரான பதில் வேண்டும். படிப்பதில்லை என்றால் படிவத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள். நண்பர்களின் உடல்நலம், பழக்கவழக்கம் என்று வெளியில் சொல்லாத விஷயங்களை உங்களை நம்பித்தான் எழுதுகிறோம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், கைச்சங்கிலி விஷயத்தை முதலில் வைத்து, நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் கொடுப்பேன். பொருள்கள் நான்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. யார் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் ரசீது, நிரப்பிய படிவத்தின் பிரதி, துண்டுச் சீட்டு, பாட்டில், பர்ஸ், கைச்சங்கிலி, சோதனைப் பஞ்சு ஆகியவற்றின் படங்கள்.