ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு

ஆசிரியர் அவர்கட்கு,

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட மறுநாள், வடக்குக்கு எத்தனை கோடி என்பதே பத்திரிகைகளில் பெரிய தலைப்பு. அந்தத் தொகையில் எவ்வளவு வன்னிக்கு வந்து சேர்ந்தது என்று டிசெம்பரில் எவரும் எழுதுவதில்லை. ஒதுக்கீடு என்பது செலவழிக்கக் கிடைத்த அனுமதி மட்டுமே. அந்த அனுமதிக்கெதிராகத் திறைசேரி கையில் தரும் காசுதான் கட்டுநிதி. அதை விடுவித்தால்தான் ஒப்பந்தகாரர் தரும் கட்டணப் பட்டியலுக்குக் காசு கட்டலாம்.

கட்டுநிதி ஏன் பிந்துகிறது? இதற்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. 1990 அளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம், 2014 இல் 12 சதவீதத்துக்குக் கீழே வந்தது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாக்கி, பதிவுக்கான ஆண்டுப் புரள்வு எல்லையையும் 1.2 கோடியிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தினார்கள். 2022 இல் வருமானம் 8 சதவீதமளவில் நின்றது. அவ்வாண்டு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போனது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே கத்தி விழுவது வீதி, குளம் போன்ற வேலைகளுக்கான மூலதனச் செலவில். 2010 ஐ அண்டி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதமாக இருந்த அது, 2023 இல் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

மாகாண சபைக்கும் சொந்த வருமானம் சுருங்கியது. 2011 இல் மாகாணங்களின் புரள்வு வரியை மத்திய அரசு நீக்கி, பதிலாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு தந்தது. அந்த வரியும் 2019 இறுதியில் ஒழிந்தது.

வன்னியில் இதனால் வரும் கேடு குறிப்பானது. நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. திட்ட அனுமதி, மதிப்பீடு, விலைமனு, ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றும் கடந்து வர ஓகஸ்ட் ஆகிவிடும். மதிப்பீட்டைப் பிந்திக் கொடுக்கும் அலுவலகங்களுக்கும் இதில் பங்குண்டு. 2025 இல் வரவு செலவுத் திட்டமே மார்ச்சில்தான் நிறைவேறியது. கட்டுநிதி ஒழுங்காக இறங்கத் தொடங்கும்போது ஒக்டோபர் மழையும் இறங்கிவிடும். ஈரம் மிஞ்சிய கிறவலை எத்தனை தரம் உருளை ஓட்டினாலும் இறுகாது. டிசெம்பர் 31 உடன் ஒதுக்கீடு காலாவதியாவதால், அந்த நிலையிலேயே பரவி, அளந்து, பட்டியல் போடுகிறார்கள். தை மாதம் உழவு இயந்திரம் இரண்டு முறை போனதும் வீதி பள்ளமாகிறது. காசு கட்டாத பட்டியல்கள் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டின் தலையில் ஏறுகின்றன. புது வேலைக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு.

பராமரிப்புக்கு இதைவிட மோசம். குளத்துத் துருசுக் (மதகுக்) கதவின் திருகுத் தண்டுக்குக் கிறீஸ் பூசுவது, தேய்ந்த இறப்பரை மாற்றுவது, அணைக்கட்டில் முளைத்த மரங்களை வேர் தடிக்குமுன் பிடுங்குவது எல்லாம் சிறு செலவுகள். சிறு செலவு என்பதாலேயே முதலில் வெட்டுப்படுகின்றன. தண்டு துருவேறி இறுகினால் கதவையே மாற்ற வேண்டும். வேர் உக்கிய வழியாக நீர் கசிந்தால் அணையை வெட்டி மீளக் கட்ட வேண்டும். பிறகு அதற்கு வெளிநாட்டுக் கடன்.

2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க அரச நிதி முகாமைச் சட்டம், வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. கட்டுப்பாடு வேண்டியதுதான். 2003 இன் நிதி முகாமைச் சட்ட இலக்குகளை மீறியதன் விலையை 2022 இல் எல்லோரும் கொடுத்தோம். ஆனால் அந்த 13 க்குள் பராமரிப்புக்கெனத் தனிப் பங்கு எதுவும் காக்கப்படவில்லை. வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மாவட்டச் செயலகங்கள் ஒதுக்கீடு, கிடைத்த கட்டுநிதி, கட்டப்படாத பட்டியல்களின் தொகை ஆகிய மூன்றையும் மாதந்தோறும் அறிவித்தல் பலகையில் போடலாம். போடாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கமக்காரர் அமைப்புகள் எழுத்தில் கேட்கட்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். “நிதி வந்ததா?” என்று கேட்டால் ஒரு வரியில் ஆம் என்பார்கள். வேலையின் பெயர், செலவுத் தலைப்பு, மாதவாரியாகக் கிடைத்த தொகை என்று பிரித்துக் கேளுங்கள். யூனிலேயே கேளுங்கள். மறுமொழி கையில் கிடைத்தபின்னும் மழைக்கு முன் இரண்டு மாதமாவது மிஞ்சும்.

ஓய்வுபெற்ற கணக்காளர்,
கிளிநொச்சி