பொருளியல் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஆள் குறைந்து முதியவர்கள் பெருகும் வட்டாரங்களின் பொருளாதாரம் பற்றியே இந்த ஆண்டு முழுக்கப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஜப்பானின் யூபாரி. ஹொக்கைடோ தீவின் நிலக்கரி நகரம். 1960இல் ஏறத்தாழ 1,17,000 பேர் இருந்தார்கள். 2020இல் எட்டாயிரம் பேர்கூட இல்லை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, 1990இல் கடைசியும் போனது. சுற்றுலாவை நம்பி நகராட்சி கடன்மேல் கடன் வாங்கியது; 2007இல் திவால் நகராட்சி ஆனது. தீர்க்க வேண்டிய தொகை சுமார் 3,500 கோடி யென். அப்புறம் உள்ளூர் வரி ஏறியது, ஊழியர்களும் சம்பளமும் வெட்டப்பட்டன, 171 படுக்கை மருத்துவமனை 19 படுக்கையாகச் சுருங்கியது, பள்ளிகள் இணைக்கப்பட்டன. போக வழியிருந்த இளையவர்கள் இன்னும் வேகமாக வெளியேறினார்கள்.

ஆள் பாதியானால் செலவு பாதியாவதில்லை. குடிநீர்க் குழாயும் சாலையும் அதே நீளம்தான். அவற்றைப் பராமரிக்கப் பணம் தருபவர்கள்தான் குறைகிறார்கள். பேருந்து நின்றால் கடை மூடுகிறது, கடை மூடினால் இன்னொரு குடும்பம் கிளம்புகிறது. பிறப்பு குறைவதைவிட இந்தச் சுழல்தான் ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

பிறப்பை உயர்த்தினால் போதும் என்று சிலர் வாதிட்டார்கள். சரி, ஆனால் பிறக்கும் குழந்தை வேலை செய்து வரி கட்ட இருபது வருடம் ஆகும். அதுவரை? 2014இல் ஜப்பானில் வெளியான ஓர் அறிக்கை, 896 உள்ளாட்சிகள் மறையக்கூடும் என்று எச்சரித்தது. 2040க்குள் 20 முதல் 39 வயதுப் பெண்கள் பாதியாகக் குறையும் ஊர்கள் எவை என்பதே அதன் அளவுகோல். அந்தப் பெண்கள் தங்குவதற்கு வேலையும் மரியாதையும் அங்கே இருக்கின்றனவா என்று கேட்காமல் பிறப்பை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஜப்பானின் இன்னொரு நகரமான தொயாமா வேறு வழி பார்த்தது. 2006இல் இலகு ரயில் விட்டு, நிலையங்களுக்கு அருகே குடியேறுபவர்களுக்கு மானியமும் கொடுத்தது. சுருங்குவதை ஒப்புக்கொண்டு திட்டமிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் அதுதான்.

கேரளத்தைத் தொட்டுத்தான் பார்த்தோம். 2001க்கும் 2011க்கும் இடையே பத்தனம்திட்டா, இடுக்கி இரண்டிலும் மக்கள்தொகை குறைந்தது. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டிலும் முதியவரைக் கவனிக்க ஆள் வேண்டும். அந்தப் பராமரிப்பு வேலையையும் அதற்கான கூலியையும் வரும் ஆண்டின் முதல் பொருளாக வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்