தீப்பெட்டியும் புளியங்கொட்டையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இன், ஆன், அண்டர் எல்லாவற்றையும் சார்ட்டைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள், "வேர் இஸ் யுவர் பேக்?" என்றால் மட்டும் விழிக்கிறார்கள் என்றாயே. அவர்களுக்குத் தமிழ் நன்றாக வருகிறது, அதுதான் காரணம்.

பெட்டியில் இருக்கிறது, சுவரில் இருக்கிறது, வாசலில் நிற்கிறான். மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'. இங்கிலீஷில் பெட்டிக்கு இன், சுவருக்கு ஆன், வாசலுக்கு அட். போதாததற்கு, நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அங்கே முன்னால் தனியாக நிற்கும். "டேபிள் ஆன் புக்" என்று பிள்ளை சொல்வது அதனால்தான். நீ "ஆன் என்றால் மேலே" என்று போர்டில் எழுதிவிட்டால் இன்னும் மோசம். கடிகாரம் சுவருக்கு மேலேயா இருக்கிறது? தமிழ் அர்த்தம் கொடுக்காதே, கையில் பொருளைக் கொடு.

ஆளுக்கு ஒரு காலித் தீப்பெட்டி, ஒரு புளியங்கொட்டை போதும். கோலிக்குண்டு வேண்டாம், பெட்டி மேல் நிற்காமல் உருண்டுவிடும். ஒன்றாம் வகுப்பென்றால் புளியங்கொட்டையும் ஆகாது, மூக்கில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்குச் சோப்பு டப்பாவும் பாட்டில் மூடியும் கொடு.

முதல் வாரம் இன், ஆன், அண்டர் மூன்று மட்டும். தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதே. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வாயே திறக்க வேண்டாம். "புட் தி சீட் அண்டர் தி பாக்ஸ்" என்று நீ சொல் (சீட் என்றால் இங்கே விதை, அந்தக் கொட்டைதான்), அவர்கள் வைக்கட்டும். முதலில் கேட்டு உடம்பால் செய்வது, பேச்சு பிறகு: ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் முன்வைத்த முறை இது. இங்கே ஒரு தவறு எல்லோருக்கும் நேரும். சொல்லும்போதே நம் கை அந்த இடத்தைக் காட்டிவிடும், பிள்ளை சொல்லைக் கேட்காமல் கையைப் பார்த்து வைத்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வைப்பவர்களும் உண்டு, அவர்களை முதுகோடு முதுகாக உட்கார வை.

மூன்றாம் நாள் பேச்சு. "ஆன்" என்று ஒற்றைச் சொல்லாக வாங்காதே, "ஆன் தி பாக்ஸ்" என்று முழுதாக வாங்கு. மூன்று சொல்லும் ஒரே சொல்போல நாக்கில் ஏறினால் முன்பின் குழப்பம் தானாகக் குறையும். அடுத்த நாள் இருவர் இருவராகப் பிரித்துவிடு. ஒருவர் ஏவ, மற்றவர் வைக்க. பிள்ளை ஆன் என்பதற்கு இன் என்றால் "தப்பு" என்று சொல்லாதே. அவன் சொன்னபடியே கொட்டையைப் பெட்டிக்குள் போட்டுக் காட்டு. அவனே திருத்திக்கொள்வான்.

இரண்டாம் வாரம் பிஹைண்ட், நெக்ஸ்ட் டு, பிட்வீன். பிட்வீனுக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்பதை மறந்துவிடாதே. இன் ஃப்ரண்ட் ஆஃப் கொஞ்சம் தொல்லை, தீப்பெட்டிக்கு முகம் கிடையாதே! ஒரு பக்கம் இரண்டு கண்ணும் வாயும் வரையச் சொல். கண் இருக்கும் பக்கம் ஃப்ரண்ட், பெட்டியை எப்படித் திருப்பினாலும் அதுதான்.

ஆனுக்கும் அபவ்வுக்கும் நம் பேச்சில் 'மேலே' ஒன்றுதான். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பழக்கு. நடுவில் ஒரு காகிதம் தடையில்லாமல் நுழைந்தால் அபவ், நுழையாவிட்டால் ஆன். சுவரில் பல்லி, ஆன் தி வால். அதே பல்லி கூரையில் தலைகீழாகத் தொங்கினாலும் ஆன் தி சீலிங்தான். பல்லி இல்லாத வகுப்பறை உண்டா என்ன?

அட் இப்போது வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் மணி, கிழமை, மாதத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் தமிழ்தான் வழிமறிக்கும். 'ஐந்து மணிக்கு' என்பதில் 'கு' இருப்பதால் "டு ஃபைவ் ஓ கிளாக்" வரும். 'திங்கட்கிழமை' என்பதில் உருபே இல்லாததால் ஆன் விட்டுப்போகும். 'வீட்டுக்குப் போறேன்' என்பது, வேண்டாத டு சேர்ந்து, "கோயிங் டு ஹோம்" ஆகும். இந்தப் பாடத்தை விதியாக நடத்தாமல் பஸ் டைம்டேபிளை வைத்து நடத்து. இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் இலக்கணத்தை வரிசைப்படி நடத்தாமல் டைம்டேபிள், மேப் கொடுத்துக் கணக்குப்போல விடை தேட வைத்தார்கள். "இன் தி மார்னிங்" ஆனால் "அட் நைட்" ஏன் என்று பிள்ளை கேட்டால் காரணம் தேடி மெனக்கெடாதே, அப்படியே முழுச் சொற்றொடராகப் பழக்கிவிடு.

'என் மேல் கோபம்' என்பது "ஆங்க்ரி ஆன் மீ" ஆவதும், 'கத்தியால் வெட்டினான்' என்பது "கட் பை நைஃப்" ஆவதும் தீப்பெட்டிக்கு அடங்காது. ஆங்க்ரி வித், கட் வித் எ நைஃப் என்று ஜோடியாகத்தான் ஏற்ற வேண்டும். உன் வாயையும் கவனித்துக்கொள். "டிஸ்கஸ் அபவுட்", "என்டர் இன்டு தி கிளாஸ்" எல்லாம் ஆசிரியர்கள் பேச்சில் சாதாரணமாக வருவது (அந்த அபவுட்டும் இன்டுவும் வேண்டாதவை), பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

கோடிட்ட இடம் வைத்துச் சோதிக்காதே. மூன்று சொல்லிலிருந்து ஒன்றைப் போடு என்றால் ஒன்றுமே தெரியாத பிள்ளைகூடப் பத்துக்கு மூன்றைக் குருட்டாம்போக்கில் சரியாகப் போடும். அதற்குப் பதில் வெள்ளைத்தாள் கொடு, "ட்ரா எ கேட் அண்டர் தி ட்ரீ" என்பதுபோல ஆறு வாக்கியம் வாசி, வரையட்டும். எது புரியவில்லை என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

புளி ஆய்ந்த கொட்டையில் அறுபது பொறுக்கிக் கழுவிக் காய வைத்திருக்கிறேன், உன் வகுப்பு முப்பத்திரண்டு பேருக்குத் தொலைந்தது போக மீதி இருக்கும். தீப்பெட்டியை நீ அங்கேயே டீக்கடையில் சொல்லிவை, குச்சி தீர்ந்ததைத் தூக்கிப்போடாமல் சேர்த்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
அம்மா