செந்திலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வடக்குத்தெருக் கல்யாணத்துக்குப் போனார். கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் "மகன் எடுத்தது" என்று சொல்லியாகிவிட்டது.

போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம்.

போனை ஜாக்கிரதையாக வைத்துக்கொள். கண்ட ஆப்பையும் ஏற்றாதே. ஏற்றும்போதே நம்பர்களைப் பார்க்கட்டுமா, போட்டோவைப் பார்க்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டிவிடுவோம். அப்புறம் அத்தை நம்பர், உன் சூப்பர்வைசர் நம்பர் எல்லாம் எவன் கையிலோ இருக்கும். ஆப்பை அழித்தாலும் எடுத்தது எடுத்ததுதான்.

அத்தை போனுக்கு யாரோ கூப்பிட்டு, உன் பேரைச் சொல்லி என்ன உறவு என்று கேட்டானாம். ராத்திரி ஒன்பது மணிக்கு. ராங் நம்பராக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாது.

எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்த பேங்க் மேனேஜர் இந்த ஆப் கடனைப் பற்றித்தான் பேசினார். 5,000 என்று காட்டுவானாம், பிடித்தம் போக 3,000தான் கணக்கில் ஏறுமாம், ஏழாம் நாள் முழு 5,000 கட்ட வேண்டுமாம். அதைக் கட்ட இன்னொரு ஆப். குழுவில் வட்டிக் கணக்குப் பார்க்கிறவள் நான், எனக்கே தலை சுற்றியது. நம்பர் லிஸ்ட்டையும் போட்டோவையும் கடன் ஆப் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டதாம். வசூலுக்குக் கூப்பிடுவதும் காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரைதானாம். ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள். தாத்தா கந்துவட்டிக்காரனிடம் பட்டது உனக்குத் தெரியும். அவனாவது வீட்டு வாசலோடு நின்றான்.

மிரட்டி மெசேஜ் வந்தால், போட்டோவை அசிங்கமாக மாற்றி அனுப்பினால், அழிக்காதே. அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சைபர் கிரைம் போலீஸில் கொடுக்க வேண்டும். பணம் ஏமாந்தால் 1930க்குக் கூப்பிட வேண்டும், அதுவும் உடனே. இதையெல்லாம் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

படித்த பிள்ளை நீ. நம் வீட்டில் முதலில் சம்பளச் சீட்டு வாங்கியவன். எனக்கு வாட்ஸ்அப் சொல்லிக் கொடுத்ததே நீதான். ஒரு போன் போட்டு "அம்மா, இப்படி" என்று சொல்ல உனக்கு நேரமில்லையா? கண்ட ஆப்பையும் ஏற்றாதே.

என் சங்கிலி பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. சொசைட்டியில் வைத்தால் வட்டி என்ன, தவணை என்ன என்று ரசீதிலேயே எழுதித் தருவார்கள். எவ்வளவு என்று மட்டும் சொல்.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அப்பா தூங்குவார். அப்போது கூப்பிடு.

அம்மா