எங்கள் வகுப்பு இடாப்பு

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் தம்பியும் நானும் நலம். உன் நலத்துக்காக உருத்திரபுரத்துச் சிவனை நாளும் வேண்டிக்கொள்கிறேன். இந்த விடயத்தைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே சாப்பாடு, குளிர், வேலை என்று வேறு கதைக்குப் போய்விடுவோம் என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

போன முறை வந்திருந்தபோது உன் பள்ளிக்கூடப் படங்களையெல்லாம் எனக்குக் காட்டிவிட்டு, "உங்கட வகுப்புப் படம் ஒண்டுகூட இல்லையாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்று மட்டும் சொல்லி அந்தக் கதையை முடித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு முழு மறுமொழி சொல்லும் நிலை இப்போதுதான் வந்திருக்கிறது.

என்னோடு படித்தவர்கள் வைபரில் ஒரு குழு தொடங்கியிருப்பதை உனக்குச் சொன்னேன் அல்லவா? கிளிநொச்சிச் சந்தையில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்ட இரண்டு பேரில் தொடங்கி, இப்போது சுவிஸ், பிரான்ஸ், கனடா, வவுனியா, மல்லாவி என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முதல் சில வாரங்கள் சுகம் விசாரிப்பதிலும் பிள்ளைகளின் படங்களைப் போடுவதிலும் கழிந்தன. அதன்பின் ஒருத்தி, பழைய வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள் என்று கேட்டாள். ஒருவரிடமும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்த எங்களுக்குப் படம் எடுப்பது எட்டாத காரியமாக இருந்தது. தப்பித்தவறி யாராவது எடுத்து வைத்திருந்த ஒன்றிரண்டும் 2009 இல் இறுதிப் போரின்போது விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஓடிய ஓட்டத்தில் போய்விட்டன. தொலைந்த பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து மறுபடி எடுக்கலாம். என்னுடையதை அப்படித்தான் எடுத்தேன். படத்துக்கு எந்தத் திணைக்களத்தில் விண்ணப்பிப்பது?

அப்போது, இப்போது பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒருவன், படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, இடாப்பையாவது எழுதுவோம் என்றான். வகுப்பாசிரியர் காலையில் வரவு எடுக்கக் கூப்பிடும் அந்தப் பெயர்ப் பதிவை, பெயர் பெயராக, இருந்த ஒழுங்கிலேயே ஞாபகத்திலிருந்து எழுதுவது என்று தீர்மானித்தோம். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் காதில் விழுந்த ஒழுங்கு என்பதால், எனக்கு முன்னால் யார், எனக்குப் பின்னால் யார் என்பதை யாருமே மறக்கவில்லை. என் பெயருக்கு முந்திய பெயரை நான் எழுதினேன்; அவள் தனக்கு முந்தியதை எழுதினாள். இடையில் ஒரு பெயர் விடுபட்டால் இரவிரவாகக் குரற்பதிவுகள் வரும்.

அந்த ஒழுங்கைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும், மகள். தொடக்கத்தில் கிளிநொச்சிப் பிள்ளைகளாகிய எங்களுடைய பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அங்கிருந்து வந்த பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர் அதன் கீழே சேர்த்தார். 1996 ஜூலை இறுதியில் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கிக் கிளிநொச்சி முழுவதும் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக இடம்பெயர்ந்து எழும்பியபோது, எங்களோடு வந்து சேராதவர்களின் பெயர்களுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் அடியில் சேர்ந்தன. 1997 மே மாதத்தில் இராணுவத்தின் அடுத்த நடவடிக்கையான ஜெயசிக்குறு தொடங்க, நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஆகவே அந்த இடாப்பை மேலிருந்து கீழாக வாசித்தால், எந்த ஊர் எந்த மாதம் எழும்பியது என்பது ஒழுங்காகத் தெரியும். அகர வரிசைப்படி திருத்தி எழுதுவோமா என்று ஒருவர் கேட்டபோது நான் கண்டிப்பாக மறுத்தேன். அந்தக் குலைந்த ஒழுங்குதான் எங்கள் வகுப்பு.

ஸ்கந்தபுரத்தில் எங்களுக்கென்று ஒரு கட்டடம் கிடைக்கவில்லை. காலையில் ஒரு பள்ளிக்கூடமும் பின்னேரம் இன்னொரு பள்ளிக்கூடமும் அதே இடத்தில் நடந்தன. கிடுகுக் கொட்டில் போதாமல், பத்தாம் ஆண்டுக்காரரான எங்களைப் பாலை மரத்தின் கீழே இருத்தினார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் உரப்பையை விரித்து அதில் இருப்போம். பழக் காலத்தில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பாலைப்பழம் மடியில் விழும். ஆசிரியர் திரும்பி எழுதும் நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டால், பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு, கேள்வி கேட்கும்போது வாயைத் திறக்கமுடியாமல் காட்டிக்கொடுத்துவிடும். கொப்பி தட்டுப்பாடு என்பதால் ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதினோம். இரவில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் கோத்த திரியைக் கொளுத்திப் படித்தோம். போத்தலே சிம்னியாக நின்று காற்றைத் தடுக்கும், காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். குழுவில் மிகக் கூடுதலாகப் பேசப்பட்டது இந்த விளக்கும் மலேரியாவும்தான். இடாப்பில் வரவில்லை என்று அடையாளமிடப்பட்ட நாட்களில் பெரும்பாலானவை மலேரியாக் காய்ச்சலால் வந்தவை. குளோரோகுயின் குளிசையின் கைப்பு இன்றைக்கும் என் நாக்கின் அடியில் இருக்கிறது.

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர், தானும் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், இப்போது வட்டக்கச்சியில் மகளோடு இருக்கிறார். எழுதி முடித்த இடாப்பை நாங்கள் சிலர் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து, மிக ஆறுதலாக வாசித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும், "நெடுங்கேணியிலிருந்து வந்த பொடியன் ஒருவனை விட்டிட்டியள்" என்றார். எங்களுக்கு அப்படியொருவன் இருந்ததே ஞாபகத்தில் இல்லை. சில வாரங்கள் மட்டும் எங்களோடு இருந்துவிட்டு, குடும்பத்தோடு மல்லாவிக்குப் போய்விட்டானாம்; கேத்திர கணிதத்தில் கெட்டிக்காரனாம். வீட்டில் கூப்பிடும் பெயர்தான் சேருக்கு ஞாபகம் இருந்தது. முழுப்பெயர் வரவில்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதர் அவர்! சில வாரம் மட்டும் முன்னால் இருந்த ஒரு பிள்ளையை அவர் இன்னும் மனத்தில் வைத்திருப்பதைக் கண்டு, நானும் ஒரு ஆசிரியை என்ற வகையில் எனக்குப் பெருமையாக இருந்தது.

குழுவில் ஒருமுறை மனத்தாங்கலும் வந்தது. பெயருக்கு எதிரே இப்போது எங்கே என்று ஒரு நிரல் போட்டிருந்தோம். ஷெல்லில் செத்தவர்களுக்கும், இயக்கத்துக்குப் போய் மாவீரரானவர்களுக்கும், 2004 ஆழிப்பேரலையில் முல்லைத்தீவில் அள்ளுண்டு போனவளுக்கும் எழுதுவதில் சிக்கல் இருக்கவில்லை. 2009 மே மாதத்துக்குப் பின் தகவலே இல்லாத ஒருவனுக்கு எதிரே, வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் காலமானார் என்று எழுதிவிட்டார். அவனுடைய தாயார், 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர். இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தத் தாய் காலமானார் என்று சொல்லாதபோது நாங்கள் எழுத எங்களுக்கு என்ன உரிமை என்று நான் கேட்டேன். எழுதியவர் தெரியாமல் எழுதினார், உடனே அழித்தும்விட்டார். அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஆகஸ்ட் விடுமுறையில் வெளிநாட்டுக்காரரும் வந்திருக்க, எல்லோரும் ஒரு நாள் கூடினோம். கூழ் காய்ச்சினோம், சிரித்தோம், அழுதோம். படங்கள் உனக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன்.

இனி உன்னிடம் கேட்கும் உதவி. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஸ்காபரோவில் இருக்கிறாள். 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின், கலியாணம் பேசி அடுத்த வருடம் கனடாவுக்குப் போனவள். போகும்போது தன் ஓட்டோகிராப் கொப்பியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். அதனால்தான், எங்கள் வகுப்பில் எழுதப்பட்டவற்றில் அது ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் எங்கள் கையால் எழுதியது அதில் இருக்கிறது. இன்று இல்லாதவர்கள் எழுதியதும் இருக்கிறது. தாள் பழுத்து ஓரங்கள் உடைகின்றன என்றும், தான் தொடவே பயப்படுவதாகவும் சொல்கிறாள். நீ ஒரு விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்தில் போய், ஒவ்வொரு பக்கத்தையும் நிழல் விழாமல் படமெடுத்து அனுப்பு. ஒட்டியிருக்கும் ரேப்பை உரிக்காதே. பின்பக்கங்களையும் விடாதே, இடம் போதாமல் சிலர் அங்கேயும் எழுதினோம். உன்னைச் சாப்பிடாமல் அவள் விடமாட்டாள், ஆகவே அவசரப்பட்டுப் போகாதே. அன்ரி என்று கூப்பிடாமல் சின்னம்மா என்று கூப்பிடு.

நெடுங்கேணிப் பொடியன் மல்லாவிக்குப் போவதற்கு முதல்நாள் அதில் எழுதிக் கையெழுத்து வைத்ததாக அவளுக்கு மங்கலான ஞாபகம் இருக்கிறதாம். அந்தப் பக்கம் கிடைத்தால் அதை முதலில் அனுப்பு. முழுப்பெயர் தெரியவேண்டும்; சேர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அன்புடன்,
அம்மா