ஸ்டெல்பிரிங்க் ஐயருக்கு, நவம்பர் 10 அன்று

மரியாதைக்குரிய கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க் ஐயர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தரங்கம்பாடி வழியாக வந்த எங்கள் லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இன்று லுத்தர் பிறந்த நாள். வட ஜெர்மனியின் லூபெக்கில் அவர் பெயர் கொண்ட ஆலயத்தின் போதகராக இருந்த உங்களை, 1943இல் இதே தேதியில், ஹாம்பர்க் சிறையில் நாத்ஸிகள் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தால் கொன்றார்கள். உங்களோடு மூன்று கத்தோலிக்க குருக்கள்: யோஹானஸ் பிராசெக், ஹெர்மன் லாங்க, எடுவார்ட் முல்லர். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாது. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்.

மேற்கத்திய உலகம் மாறிவிட்டது, அங்கே கிறிஸ்தவன் உண்மையைச் சொன்னால் வேலை போகிறது, வழக்கு வருகிறது என்று இன்று நிறையப் பேசுகிறோம். பேசும்போது உங்களைப் போன்றவர்களின் இரத்தத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். உங்கள் கதையை 1942இல் ஆரம்பிக்கிறோம், 1933ஐ விட்டுவிடுகிறோம். தெரியாமல் விட்டதல்ல. கேட்கிறவர்கள் வாலிபப் பிள்ளைகள், கறையில்லாத சாட்சியாக இருந்தால்தான் மனதில் நிற்கும் என்று நினைத்து விட்டோம். அது தப்பு. உங்கள் மேல் அன்பு வைத்துச் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் தப்புதான்.

ஏனென்றால் 1933இல் நீங்களே ஹிட்லரின் நாத்ஸிக் கட்சி அட்டை வாங்கினீர்கள். அதற்கு முன்பே, வேதாகமத்திலிருந்து பழைய ஏற்பாட்டைக் கழித்துவிட வேண்டும், சபையில் யூத வாடையே இருக்கக்கூடாது என்ற ‘ஜெர்மன் சபைக்கான சங்கத்தில்’ சேர்ந்திருந்தீர்கள். பிரேசிலில் எட்டு வருஷம் ஜெர்மன் குடியேறிகளுக்கு ஊழியம் செய்துவிட்டு 1929இல் திரும்பியவர், தேசம் தேசம் என்று உருகினவர், உங்களுக்கு அந்தக் கூச்சல் எழுப்புதல் கூட்டம் போலக் கேட்டது. எனக்குப் புரிகிறது. மன்னிக்க மட்டும் முடியவில்லை. சங்கீதத்தை எடுத்துவிட்டால் மரணப்படுக்கையில் இருக்கிறவனுக்கு எதை வாசிப்பீர்கள், ஐயா? அந்தச் சங்கங்கள் ஆலயத்துக்குள் பேசிய பேச்சு, ஊரில் யூதர் வீட்டுக் கதவை உடைத்தவனுக்கு ஆசீர்வாதமாகப் போய்ச் சேர்ந்தது. உங்கள் பங்கு சின்னது என்று சொல்லி உங்களைத் தப்பவிட மாட்டேன்.

ஆனால் நீங்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. கட்சியோடு பிணங்கினீர்கள், கட்சி உங்களைக் கழித்துவிட்டது. 1941இல் பிராசெக்கைச் சந்தித்தீர்கள், ஒரு அடக்க ஆராதனையில் என்கிறார்கள். லுத்தரன் போதகரும் கத்தோலிக்க குருவும் தெருவில் பார்த்தாலும் தலையை மட்டும் அசைத்துப் போகிற காலத்தில், அவர் தந்த தாள்களை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் ஃபான் கேலனின் பிரசங்கங்கள். மூன்ஸ்டர் நீங்கள் பிறந்த ஊர்.

அந்தத் தாள்களைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கேலன் 1941 ஆகஸ்ட் 3 அன்று பிரசங்க மேடையில் வெறுமனே ‘அக்கிரமம்’ என்று முழங்கவில்லை. மனநலக் காப்பகங்களிலிருந்து நோயாளிகளின் பட்டியல் எடுக்கப்படுகிறது, அவர்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள், கொஞ்ச நாளில் உறவினருக்கு இறப்புச் செய்தி வருகிறது என்று நடந்த வரிசையில் சொன்னார். தண்டனைச் சட்டம் 211ஆம் பிரிவின்படி இது கொலை, கொலை நடக்கப்போவது தெரிந்தவன் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 139ஆம் பிரிவு, ஆகவே ஜூலை 28 அன்று அரசு வழக்கறிஞருக்கும் காவல்துறைத் தலைவருக்கும் புகார் அனுப்பினேன் என்று சொன்னார். தேதி, பிரிவு, யாருக்கு அனுப்பியது, எல்லாம் இருந்தது. அதனால்தான் அந்தப் பிரசங்கம் கைக்குக் கை போனது. அதற்குள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தார்கள். அந்த மாதமே ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னான். பிறகு சத்தமில்லாமல் வேறு விதமாகத் தொடர்ந்தார்கள், அது வேறு கதை.

பிரதி எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மெல்லிய தாளையும் கார்பன் தாளையும் மாற்றி மாற்றி அடுக்கித் தட்டச்சு இயந்திரத்தின் உருளையில் செருகி, ஒவ்வொரு எழுத்தையும் ஓங்கித் தட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஆறேழு பிரதி தேறும். கடைசிப் பிரதியில் வட்ட எழுத்தெல்லாம் அடைத்துப்போய்க் கறுப்புப் புள்ளியாக நிற்கும். ஒரு பிழை விட்டால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகச் சுரண்ட வேண்டும். எந்த எழுத்து சாய்ந்து விழுகிறது, எது பாதி மட்டும் பதிகிறது என்பதில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ரேகை உண்டு. தேடுகிற போலீஸ்காரனுக்கு அது போதும். இத்தனையும் தெரிந்தே தட்டினார்கள். ஆனால் காட்டிக்கொடுத்தது இயந்திரம் அல்ல. சத்தியத்தைத் தேடி வந்தவன் போல ஒருவன் பிராசெக்கிடம் வந்து உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் ஹிட்லரின் இரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் ஒப்பித்தான்.

உங்களைப் பிடிக்க அவன்கூடத் தேவைப்படவில்லை. உங்கள் வாயே போதுமாக இருந்தது.

1942 குருத்தோலை ஞாயிறு. இந்தக் கடிதத்தில் எதை எழுதப் போனாலும் அந்தக் காலையில்தான் வந்து நிற்கிறேன். முந்தின ராத்திரி 234 பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக்கின் மேல் வந்தன. பழைய நகரம், நெருக்கமான தெருக்கள், மரச்சட்டம் வைத்த வீடுகள். எரிகுண்டு விழுந்தால் அணைக்க முடியாத ஊர். முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மரியாள் ஆலயத்தின் மணிகள் தெற்குக் கோபுரத்திலிருந்து கழன்று விழுந்து தரையில் புதைந்தன. இன்றும் அவற்றை எடுக்காமல், உடைந்தபடியே, விழுந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் ராத்திரி முழுக்கத் தீயணைக்க உதவிவிட்டு, அப்படியே ஆலயத்துக்கு வந்தீர்கள். அன்று பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிடுகிற திடப்படுத்தல் ஆராதனை. பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே புகை இன்னும் அடங்கவில்லை. நீங்கள் மேடை ஏறி, தேவன் வல்லமையான பாஷையில் பேசிவிட்டார், லூபெக் ஜனங்கள் மறுபடியும் ஜெபிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்ற பொருளில் பேசினீர்கள்.

மத்தியானத்துக்குள் ஊர் அதை ‘தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று போதகர் சொன்னார்’ என்று ஆக்கிவிட்டது. நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னீர்களா இல்லையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும், கேட்டவர்கள் காதில் அப்படித்தான் விழுந்தது.

அது துணிச்சல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் அப்படியே சொல்லிவந்தேன். நாத்ஸி ஜெர்மனியில் ‘எதிரியின் குண்டில் தேவன் பேசினார்’ என்று சொல்ல எலும்பில் பலம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருத்திக்கு ராத்திரி பாட்டி செத்திருந்தால்? தாயைச் சாம்பலில் தேடுகிறவனுக்கு இது எப்படிச் சத்தியம்? கேலன் சட்டப்பிரிவோடு பேசினார், நீங்கள் இடியோடு பேசினீர்கள். குண்டு ஏன் வந்தது என்று மனுஷ பாஷையில் சொல்ல வழி இருந்தது. யார் போரை ஆரம்பித்தான், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1940 நவம்பரில் யார் எதைப் போட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தாலும் இதே தண்டனைதானே கிடைத்திருக்கும், ஐயா. கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. கண்ணெல்லாம் புகையோடு தூக்கமில்லாமல் நின்ற மனுஷனிடம் இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திருத்தம் சொல்கிறேன். மன்னியுங்கள். இருந்தாலும் எழுதினதை அடிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. 1933இல் உங்களை ஏமாற்றின அதே உரத்த பாஷைதான் அந்தக் காலையிலும் உங்கள் வாயில் இருந்தது. இந்தத் தடவை அது உங்கள் சொந்த ஜனங்களுக்கு எதிராகத் திரும்பியது. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதினதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே துவக்கினீர்கள். எதிரியைப் பார்த்துச் சொல்வது எளிது. உங்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 7, ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள், உங்களைக் கூட்டிப்போனார்கள்.

இனி உங்களுக்குத் தெரியாதவை.

ஓஸ்னாப்ரூக் ஆயர் பெர்னிங் தம் மூன்று குருக்களையும் சிறையில் போய்ப் பார்த்தார், கருணை மனு போட்டார். தோற்றார், ஆனால் போட்டார். உங்கள் சபை உங்களுக்காக ஒரு வரியும் எழுதவில்லை. உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்து ஊழியத்திலிருந்து விலக்கியது. போர் முடிந்த பிறகும் அவசரப்படவில்லை. உங்கள் பெயரைச் சபை முறையாக மீட்டது 1993இல். ஐம்பது வருஷம். 2011 ஜூன் 25 அன்று லூபெக்கில் மற்ற மூவருக்கும், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டத்தைக் கத்தோலிக்க சபை கொடுத்தது. நம் சபையில் அந்த வழக்கம் இல்லாததால் உங்களை மரியாதையோடு நினைவுகூர்ந்தார்கள். உங்களோடு பிடிபட்ட பதினெட்டுப் பொதுநிலையினரில் ஒருவரான அடோல்ஃப் எர்ட்மன் சொல்லிவைத்ததை மட்டும் அங்கே யாரும் மறக்கவில்லை: ஒருபோதும் மூவர் என்று சொல்லாதே, எப்போதும் நால்வர் என்றே சொல்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதினதெல்லாம் பொய்யாகிவிடும். 2024 ஜனவரியில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபைகளில் நடந்த பாலியல் வன்முறை பற்றிய ஆய்வு வெளிவந்தது. குறைந்தது 2,225 பாதிக்கப்பட்டவர்கள், 1,259 குற்றம் சாட்டப்பட்டவர்கள். உண்மை எண்ணிக்கை இதைவிட எவ்வளவோ அதிகம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். காரணம் கோப்பு. பணியாளர் கோப்பு என்பது வேறு, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு வேறு. ஒருவரை ஏன் திடீரென்று ஊர் மாற்றினார்கள், நடுவில் ஆறு மாதம் எங்கே போனார், யார் கடிதம் எழுதிக் குறை சொன்னார்கள் என்பதெல்லாம் முதலாவதில் கிடக்கும். இரண்டாவது, சபை ஏற்கெனவே வழக்கு என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே பிறக்கும். 20 மாநிலச் சபைகளில் ஒன்றுதான் பணியாளர் கோப்புகளை முழுமையாகத் தந்தது. மற்றவை பெரும்பாலும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளோடு நிறுத்திக்கொண்டன. மறைத்தது மறைந்தபடியே இருக்கும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

உங்கள் மேல் கோப்பு திறக்க உங்கள் சபைக்கு எவ்வளவு சீக்கிரம் கை வந்தது, ஐயா. பிள்ளைகளுக்காகத் திறக்க வரவில்லை.

மாறிவிட்ட மேற்கத்தியக் கலாசாரம் என்று நாங்கள் திட்டுகிறோமே, அந்தக் கலாசாரத்தின் பத்திரிகைக்காரர்களும் நீதிமன்றங்களும்தான் பல இடங்களில் அந்தப் பிள்ளைகள் சொன்னதை முதலில் நம்பினார்கள். இதை எங்கள் கூட்டங்களில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். இங்கேயும் இப்படி உண்டா என்று கேட்பீர்கள். இதைப் படிக்கிறவர்கள் யாரென்று தெரியும், ஆகவே ஊர், பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதாததும் அவர்களுக்குப் புரியும். வாய் திறக்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் கேலன் ஆயர் செய்த விதத்தைச் சொல்கிறேன். கேட்டதை, பார்த்ததை அன்றைக்கே தேதி, நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். குற்றம் என்றால் முதலில் காவல்துறைக்கு, பிறகுதான் சபைக் கமிட்டிக்கு. ‘நமக்குள்ளே வைத்துக்கொள்வோம்’ என்று எழுதின எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கலாசாரத்தை எதிர்த்துப் பேச வேண்டிய இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி 26 அன்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், தம் உயிரை முடித்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்குத் தொழில்போலத் தொடர்ந்து உதவுவதற்கு இருந்த தடைச்சட்டத்தை ரத்து செய்தது. சபைக்குள்ளேயே இரண்டு குரல் எழுந்தது. அன்று அரசு ஆள் கேட்காமல் கொன்றது, இன்று ஒருவர் தாமே கேட்கிறார். இரண்டையும் ஒன்று என்று சொல்வது பொய், அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். படுக்கையில் வலியோடு இருப்பவர்களின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். ஆனாலும் ‘நான் பாரமாக இருக்கிறேன்’ என்று ஒரு கிழவி சொல்லும்போது, ‘இல்லை’ என்று சொல்ல அந்தக் கட்டிலருகே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குச் சபைக்கு இன்னும் வாய் உண்டு என்று நம்புகிறேன். தன் கோப்பைத் திறந்து காட்டின சபை சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள்.

இந்த வருஷம் முதல் உங்கள் கதையை 1933இலிருந்து சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன். கட்சி அட்டையையும் சொல்வேன், கார்பன் தாளையும் சொல்வேன். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தக் குருத்தோலை ஞாயிறு, பிரசங்கம் முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக முழங்காலிட்டபோது, தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கத் தீயணைத்த கை. அந்தப் பிள்ளைகளின் தலைமுடியில் புகை வாடை இருந்ததா, ஐயா? அப்போது அவர்களிடம் தனியாக, மெதுவாக, என்ன சொன்னீர்கள்?

இப்படிக்கு,
கர்த்தருக்குள் அன்போடும் மனத்தாங்கலோடும்,
லுத்தரன் சபையைச் சேர்ந்த ஒருவன்